ஓபுளாத்தா கெணத்துல பேர் குடுத்தது

சாமி கெணறுதானுங்களான்னு கேட்டயே கண்ணு, மறைக்காம சொல்றேன். சாமி கெணறுதான். ஆனா சாமி இப்ப அதுல இல்லை. தண்ணி வத்துனப்பவே அவளும் போயிட்டா. நீ பயப்படாம மண்ணைத் தள்ளு, உனக்கு ஒண்ணும் ஆகாது. காடும் என்றதுதான், கெணறும் என்றதுதான், மூடச் சொல்றதும் நானு. ஏதாச்சும் ஆகறதுன்னா எனக்கு ஆகட்டும்.

உன்னையும் குத்தம் சொல்ல முடியாது. வந்து எறங்குனதும் எட்டிப் பாத்து ஏய்னு ஒரு சத்தம் குடுத்தே. உள்ளிருந்து அதுவும் ஏய்னுச்சு. டீக்கடையில எவனோ கதை வேற சொல்லி உட்டிருக்கறான். ஒடனே பொக்லைனை அணைச்சுப்போட்டு வேப்பமரத்து நெழல்ல வந்து உக்காந்துட்டே. தர்மபுரிப் பக்கமிருந்து பொழைக்க வந்த பையன், ஊட்டுல பொண்டாட்டி புள்ளை இருக்கும், பயம் இருக்கத்தான் செய்யும். இந்தா, மோரைக் குடி. தாளிப்பு இருக்காது. எங்கூட்டுல கடுகு வாங்கறதில்லை, அது ஏன்னும் சொல்றேன்.

குடிச்சுட்டே கேளு. ஆனா ஒண்ணு. மத்தியான பஸ்ஸு வர்றதுக்குள்ள இதை மூடிப்போடோணும். பஸ்ஸுல எம்பட தங்கச்சி வர்றா. அவ வந்து நிக்கறப்ப இங்க கெணறுன்னு ஒண்ணு இருக்கக் கூடாது. அதுக்குத்தான் உன்னை இத்தனை அவசரமாக் கூப்பிட்டது.

மொதல்ல இருந்து சொல்றேன். தாது வருசப் பஞ்சம்னு கேள்விப்பட்டிருப்பே. அப்ப இந்தக் காடெல்லாம் எங்கூட்டுக்காரரோட முப்பாட்டன் கையில இருந்துது. ஊர்ல நாக்கை நனைக்கத் தண்ணி இல்லை. கெணறு வெட்டறதுக்குத் தெலுங்கு பேசற போயருங்களைக் கூட்டியாந்தாங்க. கூலின்னா காசு இல்லை, ஒரு வேளைக் கூழுதான். அதுல ஒருத்தி பேரு ஓபுளம்மா. புருசன் வெட்டிப் போடுவான், அவ கூடையில அள்ளி மேல அனுப்புவா. கெணறு நல்லா ஆழம் போயிருச்சு. ஒரு நாள் புருசன் கூழு குடிக்க மேல ஏறி வந்த நேரத்துல ஒரு பக்கத்து மண்ணு அப்பிடியே சரிஞ்சு உழுந்துது. அவ உள்ள மாட்டிக்கிட்டா.

புருசன் மேல நின்னு ஓபுளா, ஓபுளான்னு கூப்பிட்டான். உள்ளிருந்து சத்தம் வந்துது. உசுரோட இருக்கறா, தோண்டுங்க சாமின்னு கால்ல உழுந்து அழுதானாமா. பண்ணாடி, அதான் காட்டுக்குச் சொந்தக்காரரு அந்த முப்பாட்டன், வந்து எட்டிப் பாத்தாரு. அவரும் கூப்பிட்டுப் பாத்தாரு. அதுக்கும் சத்தம் வந்துது. அவரு என்ன சொன்னாருங்கறே? இது அவ பேசறதில்லடா, நாம கூப்பிடறதுதான் திரும்பி வருது, கெணத்துக்குள்ள கழுதை கத்துனாலும் இப்பிடித்தான் வரும், செத்தவளுக்காக இன்னொருத்தனை எறக்கிச் சாகடிக்க மாட்டேன், அப்பிடின்னுட்டாராமா. படிக்காத காலத்துலயே எப்பிடி ரோசனை பண்ணியிருக்கறாரு பாரு.

ஆனா ஒண்ணு சொல்லுவாங்க. புருசன் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப் போய் வாயை மூடிட்டு உக்காந்திருந்தான். யாரும் கூப்பிடலை. அப்பவும் உள்ளிருந்து சத்தம் வந்துதாமா. அவ பாசையில அவனை அவளாவே கூப்பிட்டிருக்கறா. அது கொறஞ்சு கொறஞ்சு ஒரு நாளைக்கு நின்னு போச்சு. மறு நாள் காலையில வந்து பாத்தா கெணத்துல தண்ணி. ஊரே குடிச்சுது, அவ புருசன் மட்டும் குடிக்காம நடந்தே போயிட்டானாமா. எந்தப் பக்கம் போனான்னு ஒருத்தருக்கும் தெரியலை.

அதுக்கப்பறம் பண்ணாடி ஊட்டுல ஒண்ணும் வெளங்கலை. மாடு சினை நிக்கலை, பொறந்த கொழந்தை நிக்கலை. குறி கேட்டாங்க. நான் உள்ளிருந்து நெசத்தைச் சொன்னேன், நீங்க நம்பலை, இனி நெசம் பேசறவியளுக்கு மட்டும் நான் பதில் குடுப்பேன்னு ஓபுளாத்தா எறங்கிச் சொன்னாளாமா. கல்லு நட்டு, வெளக்குப் போட்டு, கும்பிட ஆரம்பிச்சது அப்ப இருந்துதான். அதோ, காவி அடிச்சிருக்குது பாரு, அந்தக் கல்லுதான். அதை மட்டும் நோகாமப் பேத்து அக்கட்ட வச்சுரு. அதுக்கு மேல தள்ளீராதே.

பேர் குடுக்கறதுன்னு இங்க ஒரு வழக்கம், அது இதுதான். சித்திரை நோம்பி அன்னைக்கு, யாரு மேல வில்லங்கம் இருக்குதோ அவிய தலைக்குத் தண்ணி வாத்து ஈரத்துணியோட கெணத்து மேட்டுல இருக்கற இன்னொரு கல்லுல ஏறி நிக்கோணும். ஓபுளாத்தா, நான் இன்னதைப் பண்ணலைன்னு சொல்லோணும். சொல்லிப்போட்டுத் தன்னோட பேரைத் தானே உள்ள பாத்துக் கூப்பிடோணும். ஒரே ஒருக்கா. கெணறு அந்தப் பேரைத் திருப்பிக் குடுத்துதுன்னா அவிய சொன்னது நெசம். அதோட பேச்சு முடிஞ்சுது. போலீசுக்கும் போக வேண்டாம், கோர்ட்டுக்கும் போக வேண்டாம். ஆட்டைத் திருடுனான், வேலிக்காலை நகத்தி வச்சான், எல்லாம் இங்கதான் தீந்துது. நான் வாக்கப்பட்டு வந்ததுல இருந்து எத்தனையோ சனம் பேர் குடுத்ததைப் பாத்திருக்கறேன், அத்தனை பேருக்கும் பதில் வந்துது. பொய் சொல்றவன் கல்லு மேல ஏறவே மாட்டானே. முந்துன நாளே வந்து எல்லாரு கால்லயும் உழுந்துருவான்.

ஊரு கூடி நிக்கறப்ப கல்லு மேல ஏறி, பதில் வராம எறங்குன ஒரே ஆளு எம்பட தங்கச்சிதான்.

தெய்வாத்தான்னு பேரு. தெய்வான்னுதான் கூப்பிடுவோம். எங்கூட்டுக்காரரோட தம்பிக்கே அவளைக் கேட்டுக் கட்டுனதும் நான்தான். ஒரே ஊட்டுல இருக்கலாம், ஒரே அடுப்புல ஆக்கித் திங்கலாம்னு ஆசை. அப்பிடித்தான் இருந்தோம். எனக்குப் பேன் பாத்து உடறது அவ, அவளுக்குச் சீலை எடுக்கறது நானு. எனக்குப் பையன் பொறந்தான். அவளுக்கு ஒண்ணும் தங்கலை. பையன் அவ இடுப்பை உட்டு எறங்க மாட்டான். பேச்சு வந்தப்ப அவளைத்தான் அம்மான்னான். என்னை நாச்சா, நாச்சான்னு மாமியா கூப்பிடறாப்பலயே பேரு சொல்லிக் கூப்பிடுவான். ஊரே சிரிக்கும். நானும் சிரிச்சுக்குவேன். எனக்கு அதுல வருத்தமெல்லாம் ஒண்ணும் இல்லை. பெத்தவ பெத்தவதான், எங்க போயிரப் போறா.

அந்தப் பங்குனியில பையனுக்கு அம்மை வாத்துது. அப்பத்தான் நம்மூருக்குத் தார் ரோடு போட்டுட்டு இருந்தாங்க, அதனால எனக்கு வருசம் மறக்கலை. ஆத்தா ஊட்டுக்கு வந்துட்டான்னா எப்பிடி இருக்கோணும்னு உனக்கும் தெரிஞ்சிருக்கும். வாசல்ல வேப்பிலை சொருகோணும். தலை சீவக் கூடாது. பிச்சைக்காரனுக்குக் கூடப் போடக் கூடாது. முக்கியமா அடுப்புல எண்ணெய் காயக் கூடாது, கடுகு வெடிக்கக் கூடாது. தாளிக்கற வாசம் ஆத்தாளுக்கு ஆகாது. வாசம் பட்டா புள்ளையைத் தூக்கிட்டுப் போயிருவா. நான் பையன் பக்கத்துல இருந்து எந்திரிக்கவே இல்லை. பச்சைத்தண்ணி குடிச்சுட்டு வெரதம் இருந்தேன். அடுப்படி முழுக்கத் தெய்வா கையில இருந்துது.

மொதல்ல முத்து நல்லாத்தான் வந்துது. எறங்கவும் ஆரம்பிச்சுது. அப்பறம் திடீர்னு காச்சல் ஏறிப் போச்சு. மூச்சு விட முடியாம நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடுது. தெய்வா வந்து, அக்கா, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிரலாம், வண்டி பூட்டச் சொல்றேன்னு நிக்கறா. ஆத்தா மேல இருக்கறப்ப எவளாச்சும் ஊசி போடுவாளா? நான் முடியாதுன்னுட்டேன். அவ அழுதா, என்ற காலைக் கூடப் புடிச்சா. பெத்தவளுக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிஞ்சு போச்சாக்கும்னு சொல்லிக் கதவைச் சாத்திக்கிட்டேன்.

அன்னைக்கு மத்தியானந்தான் அந்த வாசம் வந்துது. நான் பையன் தலைமாட்டுல உக்காந்திருக்கறேன். கடுகு வெடிச்சு, வரமொளகா கிள்ளிப் போட்ட வாசம். இப்ப சொல்றப்பக் கூட மூக்குல ஏறுது. எந்திரிச்சு அடுப்படிக்கு ஓடுனேன். தெய்வா உலை வச்சுட்டு அடுப்பு முன்னாடி உக்காந்திருக்கறா. சட்டி எதுவும் இல்லை. கழுவி வச்சிருப்பா. ஏண்டி தாளிச்சேன்னு கேட்டேன். நான் எதுக்குக்கா தாளிக்கறேன், உலையைத் தவிர அடுப்புல வேற ஒண்ணும் வைக்கலையேங்கறா. பொழுது எறங்கறதுக்குள்ள பையன் போயிட்டான்.

போறப்ப அம்மான்னுதான் சொன்னான். யாரைச் சொன்னான்னு எனக்குத் தெரியாது.

எங்கூட்டுக்காரரு என்ன சொன்னாருங்கறே? ரோடு போடறவிய கொட்டாய் வேலிக்கு அக்கட்டத்தானே இருக்குது, காத்து அங்கிருந்துதானே அடிக்குது, அவிய சோறு ஆக்கறது இங்க வராமயா போகும், புள்ளை போன துக்கத்துல வாயில வந்ததைப் பேசாதேங்கறாரு. கட்டுனவளுக்குப் பரிஞ்சு பேசாம தம்பி பொண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசுன மனுசன். கொட்டாய் இருந்தது வாஸ்தவந்தான். அவியளுக்குக் குடிக்கத் தண்ணி நம்ம கெணத்துல இருந்துதான் போச்சு. அதுக்காக? எம்பட மூக்குக்குத் தெரியாதா எந்த வாசம் எங்கிருந்து வருதுன்னு?

சித்திரை நோம்பியில பேர் குடுக்கட்டும்னு அப்பவே சொன்னேன். மாமியா உடலை. ஊட்டுக்குள்ள நடந்ததை ஊருக்குள்ள கொண்டு போகாதேன்னு என்ற வாயைக் கட்டிப் போட்டா. நானும் கல்லாட்டம் இருந்தேன். ஒரே ஊட்டுல இருந்துட்டு அவ மொகத்தைப் பாக்காம இருக்கறது எத்தனை கஷ்டம்னு உனக்குத் தெரியாது கண்ணு. அவ ஆக்குனதை நான் திங்க மாட்டேன். நானா பொங்கி, உப்புப் போட்டு, வெறுஞ்சோறாத் திம்பேன். தாளிச்சது அன்னைக்கு இருந்து இன்னைக்கு வரைக்கும் என்ற வாயில எறங்குனதில்லை.

ஐப்பசி வந்துது. தெய்வா முழுகாம இருக்கறான்னு மாமியா வந்து சொன்னா. இத்தனை வருசம் தங்காதது இப்பத் தங்கிருச்சு. எம்பட புள்ளை போன ஊட்டுல. மாமியா அவளுக்குன்னு தனியாப் பால் காச்சறா. எனக்கு வயிறு எரிஞ்சுது, மறைக்க என்ன இருக்குது. இவ வயித்துப் புள்ளை இந்த வாசல்ல ஓடறதுக்கு முந்தி நெசம் தெரியோணும்னு பாயைப் போட்டுப் படுத்துட்டேன். சோறு தண்ணி தொடலை. அவ பேர் குடுக்கட்டும், இல்லைன்னா நான் இப்பிடியே போறேன்னு சொல்லிப்போட்டேன்.

பூசை பண்ற பண்டாரம் வேண்டாம்னாரு. சித்திரையை உட்டு வேற மாசத்துல பேர் குடுத்த வழக்கமில்லை, அதுவும் வயித்துப் புள்ளைக்காரி கெணத்தை எட்டிப் பாக்கக் கூடாதுன்னாரு. ஏன் சித்திரைன்னு கேட்டேன். பெரியவிய வச்சதுன்னாரு. சாமிக்கு மாசம் தெரியுமா, அவ எப்பவும் உள்ள இருக்கறவதானேன்னு நானும் உடலை. கடைசியில தெய்வாவே வந்தா. அக்கா எந்திரி, சோறு தின்னு, நான் பேர் குடுக்கறேன், எனக்கென்ன பயம்னா. அவ அப்பிடிச் சொன்னது எனக்கு இன்னும் கோவமா வந்துது.

கார்த்திகை மாசம். அந்த வருசத்து மழை மாதர அப்பறம் மழை பெஞ்சதே இல்லை. கொளம் ஒடைஞ்சு போச்சு, வாழையெல்லாம் தண்ணிக்குள்ள நின்னுது. கெணறு நெறஞ்சு, கல்லு மேல உக்காந்துட்டே சொம்புல மொண்டுக்கலாம். தண்ணி கண்ணாடியாட்டம் கிடந்துது. சனம் அதைப் பாக்கவே வந்து நின்னுது. ஓபுளாத்தா மனசு குளுந்து மேல வந்துட்டான்னு பொம்பளைக மஞ்சளும் பூவும் போட்டாங்க.

தெய்வா ஈரச்சீலையோட கல்லுல ஏறுனா. வயிறு அப்பத்தான் லேசாத் தெரிய ஆரம்பிச்சிருந்துது. ஓபுளாத்தா, எங்கக்கா புள்ளைக்கு அம்மை வாத்தப்ப நான் தாளிக்கலைன்னா. குனிஞ்சு, தெய்வாத்தான்னு தன்னோட பேரைக் கூப்பிட்டா.

ஒண்ணும் வரலை.

பூவு மெதக்குது, தவளை கத்துது, அவ்வளவுதான். வழக்கம் ஒருக்காதான். அவ இன்னொருக்கா கூப்பிட்டா. அப்பறமும் கூப்பிட்டா. தண்ணிக்குப் பக்கத்துல மொகத்தைக் கொண்டு போயி, தெய்வாத்தா, தெய்வாத்தான்னு கத்தறா. தண்ணியில அவ மொகந்தான் ஆடுது. பண்டாரம் தலையில கையை வச்சு உக்காந்துட்டாரு. அவ நிமுந்து என்னைத்தான் பாத்தா. அக்கா, நீ கூப்பிடு எம்பேரை, நீ கூப்பிட்டா வரும்னா.

நான் எதுக்குக் கூப்பிடறேன். கெணறே சொல்லிருச்சு.

அன்னைக்குப் பொழுதோட அவளும் கொழுந்தனாரும் ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிட்டுப் போனாங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலைக்குச் சேந்துட்டாங்கன்னு அப்பறம் கேள்விப்பட்டேன். பொண்ணு பொறந்துதுன்னும் கேள்விப்பட்டேன். மாமியா அழுதுட்டே செத்தா. கருமாதிக்குக் கூட அவியளை ஊர் உள்ள உடலை. பதில் வராதவிய ஊருக்குள்ள வரக் கூடாது, அது பெரியவிய வச்ச கட்டு. நான் சொன்னதில்லை.

எங்கூட்டுக்காரரு மட்டும் அடங்கலை. மறு சித்திரையில அவரு தன்னந்தனியாக் கல்லுல ஏறித் தன்னோட பேரைக் கூப்பிட்டாரு. பதில் வந்துது. அதுக்கடுத்த மழைக்குக் கெணறு நெறஞ்சப்பவும் போயிக் கூப்பிட்டாரு. வரலை. பண்டாரத்தைக் கூட்டிட்டுப் போயிக் கூப்பிடச் சொன்னாரு. அதுக்கும் வரலை. ஓபுளாத்தா பேரையே கூப்பிட்டாராமா, அதுக்கும் வரலை. ஓடியாந்து என்னைப் புடிச்சு உலுக்கறாரு. தண்ணி கீழ இருந்தாத்தான் சத்தம் திரும்பி வரும், நெறஞ்சு கிடந்தா யாரு கூப்பிட்டாலும் வராது, ஒரு பாவமும் அறியாதவளை அடிச்சுத் தொரத்திட்டோம் நாச்சா, வா, போயிக் கூட்டியாந்துரலாங்கறாரு. நான் சொன்னேன், அப்ப நீங்களும் பொய்யர், பண்டாரமும் பொய்யர், அதைத்தான் கெணறு சொல்லுதுன்னு. அதுக்கப்பறம் நானும் அவரும் பேசிக்கலை. அவரு சாகற வரைக்கும் பேசிக்கலை. சோறு வைப்பேன், திம்பாரு.

என்ன அப்பிடிப் பாக்கறே? நீயும் பொக்லைன் ஓட்டறவன், நெறஞ்ச கெணறு பேசாதுன்னு உனக்கும் தெரியும்னு சொல்லப் போறயாக்கும். சொல்லாதே. கேட்டுக் கேட்டுச் சலிச்சுப் போச்சு.

சுத்தி போர் போட்டாங்க. கெணறு கொஞ்சங் கொஞ்சமா வத்திக் காஞ்சு போச்சு. அப்ப புடிச்சுது எனக்குச் சனி. இது யாரு கூப்பிட்டாலும் பதில் சொல்ல ஆரம்பிச்சிருச்சு. காக்கா கத்துனா கத்துது. கன்னுக்குட்டி கத்துனா கத்துது. குடிகாரப் பயலுக வந்து கெட்ட வார்த்தை பேசுனா அதையும் திருப்பிச் சொல்லுது. நெசம் எது பொய் எதுன்னு பாக்கறதெல்லாம் போயிருச்சு. அதனாலதான் உன்கிட்டச் சொன்னேன், அவ உள்ள இல்லைன்னு.

ஆனா மத்தியானத்துல மட்டும் எனக்கு மனசு ஒரு நெலையில இருக்கறதில்லை கண்ணு. என்ற ஊட்டு வாசல் இந்தக் கெணத்தைப் பாத்துதான் இருக்குது. வெயில் உச்சிக்கு வர்றப்ப, காட்டுல ஒருத்தரும் இல்லாதப்ப, உள்ளிருந்து ஒரு சத்தம் வரும். அக்கான்னு. நான் கூப்பிடலை, யாரும் கூப்பிடலை. வெளியில ஒருத்தர் பேசுனாத்தானே கெணறு திருப்பிப் பேசும்? அதுவா எப்பிடிப் பேசும்? முந்தியெல்லாம் எந்திரிச்சுப் போயி எட்டிப் பாப்பேன். குப்பையும் முள்ளுந்தான் கிடக்கும். ஆனா கடுகு வெடிச்ச வாசம் அடிக்கும். கெணத்துக்குள்ளிருந்து வரும். இப்பெல்லாம் மத்தியானமானா கதவைச் சாத்திக்குவேன். சாத்துனாலும் வரும்.

பஞ்சாயத்துக்காரங்க எத்தனையோ வருசமா மூடலாம், மூடலாம்னு வந்து நின்னாங்க. ஒரு கன்னுக்குட்டி கூட உழுந்து செத்துது. நான் உடலை. எம்பட புள்ளைக்கு ஞாயம் சொன்ன கெணறு, நான் செத்தப்பறம் மூடிக்கங்கன்னேன்.

போன வாரம் ஒரு போன் வந்துது. பக்கத்து ஊட்டுப் பொண்ணு கொண்டாந்து காதுல வச்சுது. பெரியம்மாங்களான்னு ஒரு கொரல். தெய்வா மகளாமா. அம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சுங்க பெரியம்மா, இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க, ஒரே ஒரு ஆசையாச் சொல்றாங்க, நம்மூருக் கெணத்துல ஒருக்கா பேர் குடுத்துட்டுப் போயிரோணுமாம், நீங்க யாரும் வர வேண்டாம், பேச வேண்டாம், மத்தியான பஸ்ஸுல வந்து கூப்பிட்டுட்டு அடுத்த பஸ்ஸுல போயிருவோங்க அப்பிடின்னுது. கொரல் அச்சு அசல் தெய்வா கொரலு. நான் போனை வச்சுப்போட்டேன். மறு நாளே தலைவரைப் பாத்து, கெணத்தை மூடறதுன்னா இப்பவே மூடுங்கன்னு சொல்லிட்டேன்.

தப்பா நெனச்சுக்காதே. அவ நல்லதுக்குத்தான் சொல்றேன். சாகப் போற காலத்துல, அத்தனை தூரம் வந்து, கல்லுல ஏறிக் கூப்பிட்டு, மறுபடியும் பதில் வரலைன்னா தாங்குவாளா? அங்கயே உசுரு போயிருமே. என்ன இருந்தாலும் கூடப் பொறந்தவ. அவளை இன்னொருக்கா ஊரு முன்னால தலை குனிய உடுவனா?

என்ன சொல்றே? வரும்னா? காக்காய்க்கே வர்றது அவளுக்கு வராமயா போயிரும்னு கேக்கறயா?

மோரு குடிச்சாச்சில்ல. எந்திரி. பேசிட்டே இருந்தா வேலை நடக்குமா? மண்ணெல்லாம் டிராக்டர்ல கொண்டாந்து பக்கத்துலயே கொட்டி வச்சிருக்குது, சும்மா தள்ளி உடற வேலைதானே.

ஆரன் சத்தம் கேக்குதா? பாலத்துக்கிட்ட வந்துட்டான். இன்னைக்குப் பாத்து நேரத்தோட வர்றான். எந்திரி கண்ணு. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன். ஏன் சாவியை எடுத்து மடியில வச்சுக்கறே? உனக்கு என்ன வந்துது இதுல? நான் சொன்னதுல எது உனக்கு ஒத்துக்கலை?

நின்னுட்டான். எறங்கறாங்க. அந்தச் சின்னப் பொண்ணுதான் மகளாட்டம் இருக்குது, கையைப் புடிச்சு எறக்கி உடுது. தெய்வாவா அது? நெசமா தெய்வாதானா? எங்கம்மா சாகறப்ப இருந்தாப்பல இருக்கறாளே. எனக்கு நேர் எளையவ, எனக்கு முன்னால கெழவியாயிட்டா. கால் ரெண்டும் வீங்கிக் கெடக்குது. ஈரச்சீலைக்கு எங்க போவா, பாட்டில் தண்ணியைத் தலையில ஊத்திக்கறா பாரு. அந்தப் புள்ளை அழுகுது.

என்னைப் பாத்துட்டா. பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. கெணத்துக்குத்தான் நேராப் போறா.

கண்ணு, நீ மண்ணுத் தள்ள வேண்டாம். பாவம் உனக்கு வேண்டாம். வண்டியை மட்டும் ஸ்டார்ட் பண்ணு. சும்மா நின்ன எடத்துலயே ஓட உடு. அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்காதில்ல, எனக்கு அது போதும். அவ கூப்பிடட்டும், கூப்பிட்டுட்டுப் போகட்டும். பதில் மட்டும் எங்காதுல உழுக வேண்டாம். வந்துருச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? அவ தாளிக்கலைன்னா எம்பட புள்ளை எதுல போனான்னு நான் யாருகிட்டப் போயிக் கேப்பேன்? அன்னைக்குக் கதவைச் சாத்துனது நானு.

கல்லுல ஏறீட்டா கண்ணு. குனியறா. வண்டியை முடுக்கு. சீக்கிரம் முடுக்கு.